கார் ஏன் புறப்படவில்லை?

ஒரு பழைய கார் தெருவில் நின்றுபோனால் அதைச் சுற்றி நான்கு பேர் கூடுவார்கள். ஐந்து கருத்துகள் கிடைக்கும். "பேட்டரி போய்விட்டது" என்பார் ஒருவர். "பெட்ரோல் ஏறவில்லை" என்பார் இன்னொருவர். "பிளக்கைக் கழற்றித் துடை" என்று யோசனை சொல்வார் மூன்றாமவர். கடைசியில் எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ளுவார்கள். சில சமயம் வண்டி புறப்பட்டும் விடும். ஆனால் குறை எது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் காலையில் அதே வண்டி அதே இடத்தில் மீண்டும் நிற்கும். அதன்பின் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கப்படும். அதற்குப் பிறகும் வண்டி புறப்படாமல் போகலாம்.

ஊகம் செய்வது வேறு. காரணம் கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதைச் செய்வதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் படிக்கும் ஓம் விதி, நியூட்டனின் முதல் விதி, ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் ஆகிய மூன்றும் போதும். இக்கட்டுரையில் பழைய அம்பாசிடர் காரை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை உருவான வண்டி இது. 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசிடர்கள் இன்றும் பல வீடுகளில் பேணப்படுகின்றன. மின்னணுக் கருவிகள் எதுவும் இல்லாத எஞ்சின் ஆகையால், அதன் ஒவ்வோர் உறுப்பின் வேலையையும் நாம் கண்ணால் கண்டு புரிந்துகொள்ள முடியும்.

முதல் கேள்வி: எஞ்சின் சுற்றுகிறதா?

"வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. இதைத்தான் ஓட்டுநர்கள் "செல்ஃப் எடுக்கவில்லை" என்பார்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் தீப்பிடித்துத் தானாக ஓடவில்லை என்பது மற்றொன்று.

முதல் நோய்க்குக் காரணம் பேட்டரி, கனத்த கம்பிகள், சுவிட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றில் எங்கோ இருக்கிறது. அந்த நிலையில் பெட்ரோலையோ ஸ்பார்க் பிளக்கையோ சோதிப்பது வீண். இரண்டாவது நோயில் மோட்டார் தன் வேலையைச் செய்துவிட்டது. அப்போது தீப்பொறியையும் எரிபொருளையும் மட்டுமே பார்க்க வேண்டும். ஆக, ஒரே கேள்வியால் சந்தேகத்திற்குரிய பொருள்களில் பாதியை விலக்கிவிட்டோம். எஞ்சியதை மீண்டும் பாதியாக்கும் கேள்வியைக் கேட்பதே அடுத்த வேலை. குறை காணும் கலை முழுவதும் இவ்வளவுதான்.

சிறிய மோட்டார், பெரிய வேலை

பெட்ரோல் எஞ்சினுக்குத் தானாகத் தொடங்கும் ஆற்றல் இல்லை. அதன் பிஸ்டன் முதலில் கலவையை உள்ளே இழுத்து, அழுத்தித் தர வேண்டும். அதன்பின்தான் தீப்பொறி பற்றவைக்க முடியும். எனவே யாராவது முதலில் எஞ்சினைச் சுற்றிவிட வேண்டும். தொடக்க காலத்தில் இரும்புக் கைப்பிடியை முன்புறம் செருகிக் கையால் சுற்றினார்கள். எஞ்சின் சில சமயம் எதிர்த்திசையில் உதைக்கும்; அப்போது சுற்றுபவரின் மணிக்கட்டு முறிந்துபோவதும் உண்டு.

அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங் இதற்கு மாற்றுக் கண்டார். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் இடம் பெற்றது. எஞ்சினைச் சுற்றப் பெரிய மோட்டார் வேண்டும், பெரிய மோட்டாரைக் காரில் வைக்க இடமில்லை என்பதே அதுவரை இருந்த சிக்கல். ஆனால் இந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. சில விநாடிகள் ஓடினால் போதும். சில விநாடிகளுக்கு மட்டும் என்றால் சிறிய மோட்டாரில் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தலாம். அது சூடேறிக் கெடுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது, நடுவே இடைவெளி விட வேண்டும் என்று சொல்வதன் காரணமும் இதுவே.

அந்த மின்னோட்டம் எவ்வளவு? எஞ்சினைச் சுற்றும்போது ஏறத்தாழ 200 ஆம்பியர். நம் வீட்டு மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூடத் தேவைப்படுவதில்லை. 200 ஆம்பியர், 10 வோல்ட் என்று கொண்டால் திறன் 2,000 வாட். அதாவது, சமையலறையில் உள்ள 500 வாட் மிக்ஸிகள் நான்கு ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். இந்த 200 என்ற எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். செல்ஃப் எடுக்காத வண்டியின் மர்மங்களில் பெரும்பாலானவை இந்த எண்ணில்தான் அடங்கியுள்ளன.

வோல்ட்மீட்டர் எப்போது ஏமாற்றும்?

காரில் உள்ளது காரீய-அமிலச் சேமக்கல அடுக்கு. இவ்வகைச் சேமக்கலத்தை 1859-இல் பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்டான் பிளாண்டே உருவாக்கினார். ஒரு கலத்தின் மின்னியக்கு விசை சுமார் 2.1 வோல்ட். ஆறு கலங்கள் தொடரிணைப்பில் உள்ளதால் மொத்தம் 12.6 வோல்ட். நாம் பேச்சில் இதை 12 வோல்ட் பேட்டரி என்கிறோம்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் ஒருவர் வோல்ட்மீட்டரை எடுத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைக்கிறார். 12.2 வோல்ட் காட்டுகிறது. "பேட்டரி நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்கிறார். இந்த முடிவு சரியா?

சரியென்று சொல்ல முடியாது. வோல்ட்மீட்டர் பேட்டரியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கிறது. வேலை எதுவும் கொடுக்காமல் ஒருவனுடைய உடல் வலிமையை எப்படி அறிவது? ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் அகமின்தடை என்று ஒன்று உண்டு. மின்னோட்டம் பாயும்போது அகமின்தடையிலேயே ஒரு பகுதி வோல்ட் வீழ்ந்துவிடும். எஞ்சியதுதான் வெளியே கிடைக்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். எளிமைக்காக, சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரையும் கம்பிகளையும் சேர்த்து 0.05 ஓம் மின்தடையாகக் கொள்வோம். நல்ல பேட்டரியின் அகமின்தடை 0.01 ஓம் என்க. மொத்த மின்தடை 0.06 ஓம். மின்னோட்டம் 12.6-ஐ 0.06-ஆல் வகுக்க 210 ஆம்பியர். உள்ளே வீழும் மின்னழுத்தம் 210 பெருக்கல் 0.01, அதாவது 2.1 வோல்ட். பேட்டரி முனைகளில் 10.5 வோல்ட் நிற்கும். எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றும்.

இப்போது பழைய பேட்டரியைப் பாருங்கள். பல நாள் மின்னேற்றம் இல்லாமல் கிடந்ததால் அதன் தகடுகளில் காரீய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்திருக்கிறது. அகமின்தடை 0.05 ஓமாக உயர்ந்துவிட்டது. மின்னியக்கு விசை 12.2 வோல்ட். மொத்த மின்தடை 0.1 ஓம், மின்னோட்டம் 122 ஆம்பியர். உள்ளேயே வீழ்வது 122 பெருக்கல் 0.05, அதாவது 6.1 வோல்ட். வெளியே கிடைப்பதும் 6.1 வோல்ட்தான். சும்மா இருக்கும்போது 12.2 காட்டிய அதே பேட்டரி, வேலை கொடுத்ததும் பாதியாகச் சரிந்துவிட்டது.

ஆகவே பேட்டரியின் வோல்ட்டை ஸ்டார்ட்டர் அழுத்தப்பட்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். அப்போது ஒன்பதரை, பத்து வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியின் மீது குற்றமில்லை. அமிலத்தின் ஒப்படர்த்தியைத் திரவமானியால் அளப்பதும் நல்ல சோதனை. முழு மின்னேற்றத்தில் அது 1.26 முதல் 1.28 வரை இருக்கும். மின்சாரம் தரத்தர, கந்தக அமிலம் தகடுகளோடு சேர்ந்து குறைந்து, நீர் மிகுவதால் ஒப்படர்த்தி இறங்கும். ஐந்து கலங்கள் ஒரே அளவு காட்டி ஒரு கலம் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அந்த ஒரு கலமே குற்றவாளி.

பூத்துப்போன முனை

பேட்டரி நல்லது என்று தெரிந்த பிறகும் செல்ஃப் எடுக்கவில்லை. அடுத்துப் பார்க்க வேண்டிய இடம், பேட்டரி முனையில் கம்பியைப் பிடித்திருக்கும் கவ்வி. அங்கே வெண்மையாகவோ பச்சை, நீலமாகவோ பூத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமிலத்தின் ஆவி உலோகத்தை அரித்து உண்டான உப்புகள் அவை. அவை மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை.

இந்த இணைப்பில் 0.05 ஓம் மின்தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் பயன்படுத்தும் ஓம்மீட்டரால் இதை அளக்கவே முடியாது. சுழி என்றே காட்டும். இவ்வளவு சிறிய தடை என்ன செய்துவிடும்?

முதலில் தலைவிளக்குகளைப் போடுவோம். 45 வாட் விளக்குகள் இரண்டு. மொத்தம் 90 வாட். 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். கெட்ட இணைப்பில் வீழ்வது 7.5 பெருக்கல் 0.05, அதாவது 0.375 வோல்ட். விளக்குகள் பளிச்சென்று எரியும். "விளக்கு நன்றாக எரிகிறதே, பேட்டரியிலும் இணைப்பிலும் குறை இருக்க முடியாது" என்று நாம் எண்ணுவோம்.

இப்போது ஸ்டார்ட்டரை அழுத்துவோம். மொத்த மின்தடை 0.01, 0.05, 0.05 ஆகிய மூன்றும் சேர்ந்து 0.11 ஓம். மின்னோட்டம் 12.6-ஐ 0.11-ஆல் வகுக்க ஏறத்தாழ 114.5 ஆம்பியர்தான். 210 வர வேண்டிய இடத்தில் 114.5. தொடர் சுற்று மோட்டாரின் திருப்புவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். ஆகவே திருப்புவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எஞ்சின் அசையாது, அல்லது முனகிக்கொண்டே அரைச்சுற்று சுற்றி நின்றுவிடும்.

மிச்சச் சக்தி எங்கே போயிற்று? கெட்ட இணைப்பில் வீழும் மின்னழுத்தம் 114.5 பெருக்கல் 0.05, அதாவது சுமார் 5.7 வோல்ட். அங்கே வெப்பமாக மாறும் திறன் சுமார் 655 வாட்! ஒரு சலவைப் பெட்டியின் வெப்பம் அந்தச் சிறு கவ்வியில் பிறக்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் அழுத்தச் சொல்லி நிறுத்திவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறார். சுடும் இணைப்பே கெட்ட இணைப்பு. அவர் ஜூல் விதியைப் படித்திருக்காமல் இருக்கலாம்; ஆனால் அதைத்தான் கையாள்கிறார்.

இதற்கு மருந்து மலிவானது. கவ்வியைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்ந்தபின் உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலின் தடவினால் போதும். பேட்டரியின் மறுமுனை வண்டியின் உடலோடும் எஞ்சினோடும் இணையும் இடங்களையும் இப்படியே தேய்க்க வேண்டும். மின்சாரம் திரும்பி வரும் பாதையும் பாதைதான். பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

விளக்கைக் கேளுங்கள்

கருவி எதுவும் கையில் இல்லையா? தலைவிளக்கே உங்கள் கருவி. விளக்கைப் போட்டுவிட்டு ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்தட்டும். மற்றவர் விளக்கைக் கவனிக்கட்டும். நான்கு விடைகளில் ஒன்று கிடைக்கும்.

ஒன்று: விளக்கு தொடக்கத்திலேயே எரியவில்லை, அல்லது மினுமினுக்கிறது. பேட்டரி காலி, இல்லையேல் அதன் முக்கிய இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. இரவெல்லாம் தலைவிளக்கு அணைக்கப்படாமல் இருந்தால் இது நேரும். 50 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து 7.5 ஆம்பியர் எடுத்தால் ஏழு மணி நேரத்திற்குள் அது தீர்ந்துவிடும்.

இரண்டு: விளக்கு நன்றாக எரிகிறது. ஸ்டார்ட்டரை அழுத்தியபின்னும் வெளிச்சம் சற்றும் குறையவில்லை, சத்தமும் இல்லை. மோட்டாருக்குள் மின்னோட்டம் போகவே இல்லை என்று பொருள். சுவிட்ச், காந்தச் சுவிட்சாகிய சாலினாய்டு, அதற்குச் செல்லும் மெல்லிய கம்பி, மோட்டாருக்குள் தேய்ந்துபோன கார்பன் பிரஷ் ஆகியவற்றில் ஒன்றில் சுற்று அறுபட்டிருக்கிறது. பேட்டரியை மாற்றினால் ஒரு பயனும் இல்லை.

மூன்று: விளக்கு சிறிதே மங்குகிறது. மோட்டார் "விர்ர்" என்று வேகமாகச் சுற்றும் ஓசை கேட்கிறது. எஞ்சின் மட்டும் அசையவில்லை. மோட்டாரின் சிறு பல்சக்கரம் எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தோடு சேரவில்லை.

நான்கு: விளக்கு முழுவதும் மங்கிவிடுகிறது. எஞ்சின் சுற்றவில்லை அல்லது மிக மெதுவாகச் சுற்றுகிறது. "டக், டக், டக்" என்று சாலினாய்டு அடித்துக்கொள்வதும் உண்டு. அழுத்தியதும் சாலினாய்டு இழுத்துச் சுற்றை மூடுகிறது, உடனே வோல்ட் சரிகிறது, காந்தம் வலுவிழந்து விடுகிறது, சுற்று திறந்ததும் வோல்ட் மீள்கிறது, மறுபடியும் இழுக்கிறது. மின்சார மணி அடிப்பதும் இதைப் போன்ற ஒரு சுழற்சிதான்.

நான்காவது விடைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: வலுவற்ற பேட்டரி, கெட்ட இணைப்பு, அல்லது சிக்கிக்கொண்ட மோட்டார். இவற்றைப் பிரிப்பது எப்படி? வோல்ட்மீட்டரின் முனைகளைக் கவ்வியில் வைக்காமல், பேட்டரியின் காரீயத் தண்டுகளிலேயே வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்திப் பாருங்கள். முன்பு செய்த கணக்குகளின்படி, வலுவற்ற பேட்டரி 6.1 வோல்ட்டுக்குச் சரியும். கெட்ட இணைப்பானால் பேட்டரி 11.4 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஏனெனில் அதிலிருந்து அதிக மின்னோட்டம் எடுக்கப்படவில்லை. பேட்டரி நிமிர்ந்து நிற்கிறது, விளக்கு மங்குகிறது என்றால் இடையில் எங்கோ வோல்ட் களவாடப்படுகிறது.

மோட்டார் சிக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சுற்றும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுற்றாத மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. வெளிச்சுற்றின் தடை 0.03 ஓமாகக் குறைந்துவிட்டது என்று கொண்டால் மின்னோட்டம் 315 ஆம்பியராக ஏறிவிடும். நல்ல பேட்டரியும் ஒன்பதரை வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கும். கம்பிகள் முழுநீளமும் சூடாகும். உடனே சாவியை விட்டுவிட வேண்டும்.

நியூட்டன் வேலை செய்யும் இடம்

மூன்றாவது விடையில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. பழைய ஸ்டார்ட்டர்களில் சிறு பல்சக்கரம் மோட்டாரின் தண்டோடு இறுகப் பூட்டப்படவில்லை. தண்டில் திருகுபோன்ற புரி வெட்டப்பட்டிருக்கும். அதன்மேல் மரைபோல இந்தச் சக்கரம் தளர்வாக இருக்கும். தண்டு திடீரென்று சுழலும்போது, நிலைமத்தின் காரணமாகச் சக்கரம் உடனே சுழல்வதில்லை. தண்டு சுழல, சக்கரம் பின்தங்க, புரியின் வழியே சக்கரம் நகர்ந்து எஞ்சினின் பெரிய சக்கரத்தோடு பல்லோடு பல் சேர்கிறது. நிற்கும் பேருந்து திடீரென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? அதே விதி. எஞ்சின் தானாக ஓடத் தொடங்கியதும் பெரிய சக்கரம் சிறு சக்கரத்தை வேகமாகச் சுழற்றி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது.

புரியில் தூசியும் பிசுக்கும் சேர்ந்துவிட்டால் சக்கரம் தண்டோடு ஒட்டிக்கொண்டு நகராமலே சுழலும். "விர்ர்" ஓசையின் காரணம் இதுவே. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினால் சரியாகும். கிரீஸை அப்பிவிட்டால் மேலும் தூசி ஒட்டும். சிறு சக்கரம் பெரிய சக்கரத்தில் மாட்டிக்கொண்டு விடுபடாமல் போவதும் உண்டு. அப்போது சாவியை எடுத்துவிட்டு, மேல் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் பல் விடுபடும்.

சுற்றுகிறது, தீப்பிடிக்கவில்லை

இனி இரண்டாவது நோய்க்கு வருவோம். எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது. ஆனால் ஓடவில்லை. பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்த கலவை, அதைப் போதிய அளவு அழுத்துதல், சரியான நேரத்தில் தீப்பொறி. பழைய வண்டிகளில் முதலில் சோதிக்க வேண்டியது தீப்பொறி.

பிளக்கின் முனையில் உள்ள இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். அழுத்தப்பட்ட கலவையில் அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாயப் பல்லாயிரம் வோல்ட் தேவை. 12 வோல்ட்டிலிருந்து அதை எப்படிப் பெறுவது? இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றில் சுமார் 4 ஆம்பியர் பாய்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள காண்டாக்ட் பாயிண்ட் திறந்து அந்த மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டிக்கிறது. காயிலின் தன்மின்தூண்டல் எண் 0.006 ஹென்றி என்றும், மின்னோட்டம் ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுழியாகிறது என்றும் கொள்வோம். தூண்டப்படும் மின்னியக்கு விசை 0.006 பெருக்கல் 4 வகுத்தல் 0.0001, அதாவது 240 வோல்ட். துணைச் சுற்றில் 75 மடங்கு சுற்றுகள் இருந்தால் 18,000 வோல்ட்!

இங்கே எல்லாம் "சட்டென்று" என்ற சொல்லைச் சார்ந்திருக்கிறது. பாயிண்ட்டின் முகங்கள் கருகியிருந்தாலோ, அதற்கு இணையாக உள்ள மின்தேக்கி கெட்டிருந்தாலோ, திறக்கும்போது பாயிண்ட்டிலேயே பொறி பறக்கும். மின்னோட்டம் மெதுவாகக் குறையும். உயர் மின்னழுத்தம் பிறக்காது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றும்போது பாயிண்ட் விநாடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அது தேய்வதில் வியப்பில்லை. அதன் இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டராக வைக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு 12 வோல்ட் சிறு விளக்கு போதும். காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குச் செல்லும் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அதை இணைத்து, எஞ்சினைச் சுற்ற வேண்டும். பாயிண்ட் மூடும்போது விளக்கு அணையும், திறக்கும்போது எரியும். மினுக்கினால் முதன்மைச் சுற்று நலம். எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை அல்லது அழுக்கேறிவிட்டது. எரியவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை அல்லது பாயிண்ட் திறக்கவில்லை.

மழைக்காலக் காலையில் மட்டும் புறப்படாத வண்டிகள் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலும் உயர் மின்னழுத்தக் கம்பிகளிலும் படிந்த ஈரமே காரணம். 18,000 வோல்ட்டுக்கு அந்த ஈரப் படலம் எளிய பாதையாகிவிடுகிறது. உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் போதும்.

பேட்டரிக்கும் தீப்பொறிக்கும் ஓர் உறவு உண்டு. மோட்டார் பேட்டரியை 8 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டால், காயிலுக்கும் அதே 8 வோல்ட்தான் கிடைக்கும், தீப்பொறி மெலியும். மெதுவாகச் சுற்றியும் தீப்பிடிக்காத வண்டி, தள்ளியதும் புறப்படுவது இதனால்தான். தள்ளும்போது மோட்டார் பேட்டரியிடம் எதுவும் கேட்பதில்லை. காயில் தன் பங்கை முழுமையாகப் பெறுகிறது.

தீப்பொறி நன்றாக இருந்தால் எஞ்சியிருப்பது பெட்ரோல். அதிகமாக ஊற்றிவிட்டால் பிளக் நனைந்து, கடும் பெட்ரோல் வாசனை வரும். அப்போது சோக்கை விடுத்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி எஞ்சினைச் சுற்றினால் காற்று மிகுந்து உலரும். கோடை நண்பகலில் நீண்ட தூரம் ஓடி நின்ற வண்டி மறுபடி புறப்படாவிட்டால் வேறொரு காரணம் உண்டு. பெட்ரோல் பம்ப் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சினின் வெப்பத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட, பம்ப் ஆவியை மட்டுமே உறிஞ்சுகிறது. ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத் துணியைச் சுற்றுவதைக் கண்டு சிரிக்காதீர்கள். நீர் ஆவியாகி வெப்பத்தைக் கவர்கிறது. உள்ளே ஆவி மீண்டும் நீர்மமாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தானே?

கவனம்

இயற்பியல் தெரிந்தவர் முதலில் ஆபத்தை அறிந்திருக்க வேண்டும். மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் அது 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு சிறு பொறியால் வெடிக்கும். அமிலம் கண்ணில் தெறிக்கும். பேட்டரிக்குள் நீர் இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது பார்வையையே பறித்துவிடும். கையில் அமிலம் பட்டால் உடனே நிறைய நீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தொடர்ந்து நீரால் கழுவியபடி மருத்துவரிடம் விரையுங்கள்.

வேறொரு வண்டியின் பேட்டரியை இணைக்கும்போது நேர்முனையை நேர்முனையோடு முதலில் இணைக்க வேண்டும். பிறகு நல்ல பேட்டரியின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பியை, நின்றுபோன வண்டியின் பேட்டரியில் அல்லாமல் அதற்குத் தொலைவில் எஞ்சினின் உலோகத்தில் கடைசியாக இணைக்க வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். அது ஹைட்ரஜனுக்கு அருகில் பறக்கக் கூடாது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். அவ்வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. ஆகவே முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் சுற்றும்போது காயில், பிளக் கம்பிகளைத் தொடக் கூடாது. இச்சோதனைகள் எல்லாவற்றையும் தேர்ந்தவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்யுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

கார் இல்லாமலே இக்கட்டுரையின் மையக் கருத்தைச் சோதிக்கலாம். ஒரு புதிய டார்ச் செல், ஏறக்குறைய தீர்ந்துபோன ஒரு பழைய செல், ஒரு டார்ச் பல்பு, ஒரு வோல்ட்மீட்டர் போதும். முதலில் இரு செல்களின் வோல்ட்டையும் தனித்தனியே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் பல்பை இணைத்து, அது எரியும்போது மீண்டும் அளவுங்கள். புதிய செல்லில் வேறுபாடு சிறிதாக இருக்கும். பழையதில் பெரிதாக இருக்கும். இரு அளவுகளின் வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் செல்லின் அகமின்தடை கிடைக்கும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் எடுத்து 5 விநாடி ஓடுகிறது. 50 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்த மின்னூட்டத்தில் இது எத்தனை சதவீதம்? விடையைக் கண்டு வியப்படைவீர்கள்.

2. ஒரு காரில் விளக்கு நன்றாக எரிகிறது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் மங்குகிறது. பேட்டரியின் காரீயத் தண்டுகளில் 11.5 வோல்ட் நிற்கிறது. உரிமையாளர் புதிய பேட்டரி வாங்கக் கிளம்புகிறார். நீங்கள் அவரிடம் என்ன சொல்வீர்கள்?

இரண்டாவது கேள்விக்குக் காரணத்தோடு விடை சொல்ல முடிந்தால், ஒரு குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும் அறிவு உங்களிடம் சேர்ந்துவிட்டது என்று பொருள். தேவைப்படும் செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.